அந்த அம்மாளுக்கு மேசை இல்லை

ஈத் விடுமுறைக்கு துபாயிலிருந்து ஒரு குரூப்பாக வியட்நாம் போனோம். அந்த டூரில் எனக்கென்று நான் கேட்டது ஒரே ஒரு அரை நாள். ஹனோயில் அந்த நாட்டு எழுத்தாளர்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். மற்ற எல்லோரும் பட்டுத்துணி வாங்கப் போய்விட்டார்கள். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் என் வீட்டுக்காரர் மட்டும் கூட வந்தார். வராமலே இருந்திருக்கலாம் என்று உள்ளே நுழைந்த சற்று நேரத்திலேயே தோன்றிவிட்டது.

நானும் எழுதுகிறவள்தான். இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. துபாயில் தேரா பகுதியில் எங்களுக்கு இருப்பது ஒரு பெட்ரூம், ஒரு ஹால். விடியற்காலை டூட்டி என்று இவர் பெட்ரூமில் சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுவார். ஹாலில் என் கொழுந்தன். வேலை தேடி விசிட் விசாவில் வந்தவன், ஒரு மாதம் என்றான், இரண்டு வருடமாகிறது. ஜெபல் அலியில் வேலை கிடைத்து, கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் ரூமும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கேம்ப் சாப்பாடு துரைக்கு ஒத்துக்கொள்ளாதாம். சோபாவில் சாய்ந்து போனில் சத்தமாக ஏதாவது ஓடவிட்டுக்கொண்டே இருப்பான். நான் கிச்சனில் வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். மெஷின் துணி பிழியும்போது என் கதையும் சேர்ந்து ஆடும். தம்பியை கேம்புக்குப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "பாவம் விடு, அவன் எங்க போவான்" என்பார்.

மியூசியத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரு இளம்பெண் எங்களுக்குச் சுற்றிக்காட்டினாள். ஒரு கவிஞரின் படத்தைக் காட்டி அவள் பேச ஆரம்பித்ததுமே இவர் குறுக்கே புகுந்தார்.

"இவரு எந்தக் கம்பெனில இருந்தாரு?"

அந்தப் பெண் விழித்தாள். பள்ளி ஆசிரியர் என்றாள்.

"கவர்மெண்டா, பிரைவேட்டா?"

எந்தக் கம்பெனி, என்ன விசா என்பதுதான் துபாயில் நாங்கள் புது ஆளிடம் முதலில் கேட்பது. அதற்காகச் செத்துப்போன கவிஞரையுமா விசாரிப்பது? ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் இதே கதை. எனக்கு மானம் போனது.

அடுத்த அறையில் ஒரு நாவலாசிரியரின் மேசை இருந்தது. சின்ன மேசை, பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து போனது. ஒரே அறையில் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து இருந்ததாகவும், அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அவர் எல்லா நாவலையும் எழுதினார் என்றும் அந்தப் பெண் சொன்னாள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"கேட்டியா? ஒரே ரூம்ல அத்தனை பேரு. அந்த மனுசன் எனக்கு ஹால் வேணும்னு கேட்டாரா? எழுதி மியூசியத்துக்கே வந்துட்டாரு பாரு."

"அவருக்கு மேசையாவது இருந்துச்சு."

"மெஷினும் மேசை மாதிரிதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேற்று நாட்டில் சண்டை வேண்டாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரோ தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்று மேசை பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்.

மேசைக்கு மேலே ஒரு பழைய போட்டோ. நாவலாசிரியர் குனிந்து எழுதுகிறார். பின்னால் ஒரு அம்மாள் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி என்றாள் அந்தப் பெண். "இவரும் கவிதை எழுதியவர்தான், கல்யாணத்துக்கு முன்னால்."

இந்த அம்மாளுக்கு எந்தக் கம்பெனி என்று கேட்கப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம்?" என்றார்.

"தெரியவில்லை. எங்களிடம் எதுவும் இல்லை."

"அவங்க மேசை எங்க இருக்கு?"

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அவருக்கு மேசை இருந்ததில்லை" என்றாள்.

இவர் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார், என் பக்கம் திரும்பவில்லை. வெளியே தோட்டத்துக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டார். துபாயில் ஆப் வழியாகக் கால் பேசத் தடை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வாய்ஸ் நோட் பேசினார்.

"தம்பி, நாங்க வர்றதுக்குள்ள உன் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு கேம்ப் ரூமுக்குப் போயிரு. கோவமெல்லாம் இல்ல. லீவு அன்னிக்கு சாப்பிட வா. அண்ணிக்கு ஹால் வேணும்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று நான் கத்தியது இந்த மனுசன் காதில் ஏறவில்லை. போட்டோவில் டீ ஊற்றுகிற யாரோ ஒரு அம்மாள் சொல்லித்தான் ஏற வேண்டியிருந்தது.

கொழுந்தனிடமிருந்து உடனே பதில் வந்தது. "சரிண்ணே. அந்த சோபாவ நான் எடுத்துக்கவா?"

இவர் தயங்கித் தயங்கி என் முகத்தைப் பார்த்தார்.

"முதல்ல அதைத்தான் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன். "அந்த இடத்துலதான் மேசை போடணும்."