தார்ப்பாய்க்குள் வெந்த அரிசி

மலேசியாவில், கிள்ளானில் நான் வேலை பார்த்த அரிசிக் கிடங்கின் தகரக் கூரை எங்கெல்லாம் ஒழுகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். அரிசி நனைந்தால் மட்டும், மூட்டை அடுக்குகளைப் பார்த்துக்கொண்ட அண்ணனின் தலைதான் உருளும். அவர் எங்கள் திருவாரூர்ப் பக்கத்து ஆள். அவருடைய வேலை பெர்மிட் முடியும் நேரம் அது.

"பார்த்துக்கோ. இந்த மழைக்கு ஒரு மூட்டை நனைஞ்சாலும் தவுக்கே உன் பெர்மிட்ட ரினியூ பண்ண மாட்டாரு லா," என்றார் சூப்பர்வைசர். தவுக்கே என்றால் அங்கே முதலாளி.

மழை என்றாலே அண்ணனுக்குப் பயம். ஊரில் கொள்முதல் நிலைய வாசலில், முறை வருவதற்குள் அவருடைய நெல் மொத்தமும் நனைந்து முளைவிட்டுப் போனது. வயலே வேண்டாமென்று விமானம் ஏறியவர். அதனால் பெரிய அடுக்கின்மேல் தார்ப்பாயைப் போட்டு, நாலு பக்கமும் தரையோடு இழுத்துக் கட்டினார்.

"காத்துகூட உள்ள போகக்கூடாதுடா!"

நானும் ஏறி நின்று கயிற்றை இறுக்கினேன். டெல்டாக்காரன் புத்தி, வேறென்ன! ஊரில் என்றால் வெயில் எட்டிப் பார்த்ததும் தார்ப்பாயை விலக்கி ஆறவிடுவோம். இங்கே வாரம் முழுக்க அடைமழை, யாரும் பிரிக்கவில்லை. கப்பலில் வந்தபோதே அரிசியில் ஈரம் இருந்ததாம். எல்லாம் கெட்ட பிறகு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

மழை விட்டுப் பிரித்தபோது குப்பென்று சூடு முகத்தில் அடித்தது. கூடவே புளித்த கஞ்சி நாற்றம். அண்ணன் ஒரு மூட்டையைக் கிழித்தார். கட்டிகட்டியாக மஞ்சள் அரிசி, நடுநடுவே பச்சைப் பூஞ்சணம். கூரையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அரிசி தன் வேர்வையிலேயே அழுகியிருந்தது.

"ஐயோ, நனையலையேடா... நனையவே இல்லையே," என்று ஒவ்வொரு மூட்டையாகத் தடவினார். யாரைப் பிடித்து அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று வந்தார். லோரிகள் எல்லாவற்றையும் குப்பைமேட்டுக்கு அள்ளிப் போயின. எத்தனை வீட்டுச் சோறு! கூரையைப் பற்றி ஒரு பாவியும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அண்ணனின் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை.

டிக்கெட் வந்த அன்று மதியம், அண்ணன் அறையிலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்.

"அப்பா ஊருக்கு வரேன்மா."

மகள் கத்திய கத்தலில் அறையே அதிர்ந்தது. "எத்தனை நாள் லீவுப்பா?"

அண்ணன் போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா, எத்தனை நாளு?"