கோட்டு கொடுத்தவர் ஹீரோவா?

ஓசூரில் நான் லேத் ஓட்டிய கம்பெனியின் வாட்ச்மேன் அவர். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. பழைய கேட் பாஸ் தாள்களின் பின்பக்கத்தில் சினிமாக் கதை எழுதுவார்.

கோடம்பாக்கத்தில் அவரை யாரும் உள்ளே விடவில்லை. எங்கள் முதலாளி பெங்களூரில் கோல்ஃப் ஆடுகிறவர். நண்பர்களோடு சேர்ந்து சின்னப் படம் எடுக்க ஆசைப்பட்டார். அவரிடமே கதையைக் கொடுத்தார் வாட்ச்மேன்.

ஸ்காட்லாந்தில் நடந்த முதல் கோல்ஃப் சாம்பியன்ஷிப்தான் கதை. ஆடிய எட்டுப் பேரும் பணக்காரர்களின் மட்டையைச் சுமந்து, புல்தரையைப் பராமரித்துப் பிழைத்தவர்கள். பரிசு ஒரு சிவப்புத் தோல் பெல்ட். அவர்கள் உடை சகிக்கவில்லை என்று ஒரு பிரபு ஆளுக்கொரு கோட்டு கொடுத்தாராம்.

முதலாளி கதையைப் படித்துவிட்டுப் பதில் சொன்னது, வெளிநாட்டுக் கஸ்டமர் வரும் ஒரு நாளில். அந்த மாதிரி நாளில் மட்டும் வாட்ச்மேனுக்குப் புதுச் சட்டை கொடுத்து, சாயந்திரம் வெட்கமில்லாமல் திருப்பி வாங்குவார்கள். ஷிப்டுக்கு வந்த நாங்கள் சிலர் கேட்டில் நின்றபோது, முதலாளி அங்கே காரை நிறுத்தினார்.

"கதை சூப்பர்ப்பா. கோட்டு குடுத்தவரை ஹீரோவாக்கு, வாங்கிக்கறேன்."

"ஆடுனது அந்த எட்டுப் பேருங்க சார். கோட்டு குடுத்தவரு எப்பிடிங்க ஹீரோ?"

"புதுச் சட்டை போட்டா வாயும் வந்துருது பாரு!"

சாயந்திரம் அவர் சட்டையை மடித்து ஸ்டோரில் கொடுத்தார். கதைக் கட்டைப் பழைய சட்டைக்குள் செருகிக்கொண்டு, மூக்கண்டப்பள்ளியில் இருந்த வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கதையை மாற்றவும் இல்லை.

முதலாளி சட்டையைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது பக்கத்தில் நின்றவர்களோடு நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு எரிகிறது.