ஞானமுத்து சாரும் கல் பொறுக்கும் சுண்டெலியும்

போன வாரம் காலையில் வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடிவந்தார். பட்டாசுக் கம்பெனியில் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேலியை நோக்கி ஓடினார்கள். போர்மேனான நானும் ஓடினேன். "ஒண்ணும் வெடிக்கல அண்ணாச்சி. விருதுநகர் எலி சார் தவறிட்டாராம். நெஞ்சு வலி. போன் வந்துச்சு" என்றார் வாட்ச்மேன். "அப்பாடா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

எலி சார் என்பது கல்லூரியில் விலங்கியல் நடத்திய ஞானமுத்து. எங்கள் வேலிக்கு வெளியே சரளைக் காட்டில் சுண்டெலிகளைப் பிடித்து, அளந்து, நோட்டில் எழுதிவிட்டு, திரும்ப விட்டுவிடுவார். "சாருக்கு வேற சோலி கெடையாது போல" என்று கேலி பேசியவன் நான்.

ஒரு தீபாவளி சீசனில், மருந்து கலக்கும் அறையின் ரப்பர் விரிப்புக்கு அடியில் பொடிக் கற்கள் கிடந்தன. அங்கே கல்லோடு கல் உரசினால் போதும், எங்களைக் கூட்டித்தான் அள்ள வேண்டும். அதனால் காலைத் துடைத்துவிட்டு வெறுங்காலோடுதான் நுழைவோம். கலவை வேலை பார்க்கும் மாரியம்மாளின் காலில் ஒட்டி வந்ததுதான் என்று அவரை வேலையைவிட்டு நிறுத்தினேன். "இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி" என்று அழுதார். அவர் வராத மறுநாளும் கற்கள் கிடந்தன, பக்கத்திலேயே எலிப் புழுக்கையும். வெட்கத்தோடு அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். சாரிடம் மரப்பொறி வாங்கி வைத்தோம். ஒரு சுண்டெலி சிக்கியது. ஆர்டர் நெருக்கடி வேறு. "சனியன் ஒழிஞ்சது, உள்ள போங்க" என்றேன்.

பொறியை வாங்கிப்போக வந்த சார், எலியின் முதுகு மயிரை விரலால் எதிராகத் தடவினார். முகம் மாறிவிட்டது.

"யாரும் உள்ள போகாதீக! இது மெத்துனு இருக்கு. வயல் சுண்டெலி, மஸ் பூடுகா. நீங்க தேடுறது மஸ் பிளாட்டித்ரிக்ஸ். அது மயிரு முள்ளு மாதிரி குத்தும். வளையில கல்லு சேக்குறது அதுதான்."

"எல்லாம் சுண்டெலிதான சார்? லோடு நிக்குது."

"பேரினம் ஒண்ணு, இனம் வேற. கல்லுப் பொறுக்குனது இன்னும் உள்ளதாங்க இருக்கு."

மாரியம்மாள் ஒரு காலை வாசலுக்குள் வைத்திருந்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு மூலையில் விரிப்பைத் தூக்கினோம். தரை வெடிப்பில் வளை. அதன் வாயில் ஒரு கை கூழாங்கல். வியர்க்க வியர்க்க ஒவ்வொன்றாக எடுத்தேன். சார் அளக்கிற அவசரத்தில் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார். "ஐயோ, இரும்பு ஒரசுனா பொறி பறக்கும், கொன்னுபுடாதீக சார்!" என்று அவரையே வெளியே தள்ளினேன். பிறகு அந்த வளையில் பிடிபட்ட எலியை என் விரலால் தடவச் சொன்னார். குத்தியது.

இன்றும் அறையைத் திறந்ததும் விரிப்பை நானே தூக்கிப் பார்க்கிறேன். ஒன்று பிடிபட்டால் நிம்மதியாகாமல், இது அதுதானா என்று பயப்படுகிறேன். அவர் கொடுத்த பயம் அது, வைத்திருக்கிறேன். அன்று சாவுச் செய்தி கேட்டு 'அப்பாடா' என்று சொல்ல, நான் உயிரோடு இருந்ததே அவரால்தான்.