ஆண் மீன் எங்கே?

போன சனிக்கிழமை என்னை ஒரு மீன் பிடித்துவிட்டது.

அச்சுப்பிழை இல்லை. நான் மீனைப் பிடிக்கவில்லை. மீன்தான் என்னைப் பிடித்தது. அதுவும் கடலில் இல்லை, ஆற்றில் இல்லை — வைகையில்தான் தண்ணீரே இல்லையே — தல்லாகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஹாலில். வலது கையில் கட்டு. நான் சொல்லச் சொல்ல இதை மனைவி எழுதுகிறாள். ஆகவே, இந்த வாரம் அவளைப் பற்றி நல்லதாகவே வரும்.

மீனைச் செய்தவர் நண்பர் ஜெபமணி. அந்தப் பள்ளியில் விலங்கியல் வாத்தியார். எனக்குத் தினசரி டீக்கடைத் துணை. அறிவியல் கண்காட்சிக்காக ஒரு மாதம் உட்கார்ந்து ஆழ்கடல் மீன் ஒன்றைச் செய்தார். மூங்கில் கூடு, மேலே பழைய பேப்பர், அதன் மேல் கறுப்பு பெயின்ட். என் பத்தி வந்த பக்கம் ஒன்றும் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. எங்கேயாவது ஜீரணமானால் சரி.

தூண்டில் மீன் என்று பெயர். மனிதன் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறான். இது தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற மீன்!

சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஆழத்தில் வாசம். நெற்றியில் ஒரு கம்பு முளைத்திருக்கும். கம்பின் நுனியில் விளக்கு. மண்ணெண்ணெய் கிடையாது, கரன்ட் கிடையாது. அந்த நுனியில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருந்துகொண்டு, தங்க இடம் கொடுத்ததற்கு நன்றியாக ஒளி விடுகின்றனவாம். உடம்போ கன்னங்கரேல். ஆகவே விளக்கு தெரியும்; விளக்குக்குப் பின்னால் இருக்கிற வாய் தெரியாது. என்ன வெளிச்சம் என்று பார்க்க ஒரு மீன் வரும்... அவ்வளவுதான். பற்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்திருக்கும். போகிறவனுக்கு வழி விடும், திரும்புகிறவனுக்கு விடாது. வயிறு ரப்பர் பை மாதிரி விரியும். தன்னைவிடப் பெரிய மீனைக்கூட விழுங்கி வைக்கும்.

இத்தனைக்கும் இந்த இனத்தில் பெரும்பாலானவை ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். ஜெபமணி நாலடிக்குச் செய்திருந்தார். ஏன் என்று கேட்டேன். பரிசு முடிவு செய்ய வரும் கல்வி அதிகாரியின் கண்ணில் பட வேண்டாமா என்றார்.

உடைந்த குடைக் கம்பிதான் தூண்டில். நுனியில் டார்ச் பல்பு, வயிற்றுக்குள் பேட்டரி. பற்களுக்கு, விரல் நீளக் கருவேல முள். எங்கள் வில்லாபுரம் கண்மாய்க் கரையில் அதை ஒடித்துக் கொடுத்த புண்ணியவான் அடியேன்.

கண்காட்சியில் ஜெயிக்கிற ஒன்று மெட்ராஸில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். மூன்று வருடமாகப் போனது, புகை கக்கும் எரிமலை மாடல். பள்ளிக்கூடம் மாறும், எரிமலை மாறாது. மூன்று வருடமும் ஜெபமணிக்கு இரண்டாம் பரிசு, சோப்பு டப்பா. இந்தத் தடவையும் எரிமலை போனால் இனி கண்காட்சிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதிகாரி முன்னால் பேச வேண்டியதைப் பேசிப் பேசிப் பழகியதன் பலன்! வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில், 'நீங்கதாண்ணே பேசணும்' என்று எழுதி நீட்டினார். கூடவே நாலு பக்கக் குறிப்பு.

எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு, ராமேஸ்வரத்தில் முழங்கால் அளவோடு சரி. ஆனால், கொடியில் மீன் வைத்திருந்த பாண்டியன் ஊர்க்காரன் அல்லவா? ஒப்புக்கொண்டேன். மூன்று பக்கம் படித்தேன். நாலாவதில் தூக்கம் வந்துவிட்டது.

சனிக்கிழமை ஹாலுக்குள் போனேன். ஆழ்கடல் மாதிரி இருக்க வேண்டும் என்று ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஒரே ஒரு டியூப் லைட். அதிகாரியை வரவேற்க ஜெபமணி வாசலுக்குப் போயிருந்தார். எனக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது ஒழுங்குபடுத்தும். மீனின் அடிவயிற்றில் சின்னதாக ஒரு புடைப்பு, வாடிய கத்தரிப் பிஞ்சு மாதிரி. ஒட்டும்போது மிச்சமான காகிதம் போல என்று பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நண்பனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அதிகாரி வந்தார். எரிமலை மேஜையில் வெகுநேரம் நின்றார். பிறகு எங்களிடம் வந்தார்.

"வணக்கம். இது மீன்" என்றேன்.

படித்த மூன்று பக்கமும் ஆவி! அதிகாரியே இரக்கப்பட்டு, இது ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண், ஐயா, விளக்கு பெண்ணுக்குத்தான் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அப்ப ஆண் மீன் எங்க?"

ஜெபமணியின் முகம் மலர்ந்தது. ஒரு மாதமாக அவர் காத்திருந்த கேள்வி அது. பெருமையோடு மீனின் அடிவயிற்றைக் காட்டினார். காட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டி என் காதில் கேட்டார்:

"அண்ணே... ஆம்பளைய எங்கண்ணே?"

நாலாவது பக்கம்! அதைப் பிறகுதான் முழுக்கப் படித்தேன்.

ஆண் மீன் விரல் நீளம்கூட இருக்காது. அந்த இருட்டில் பெண்ணைத் தேடிப் பிடித்து, உடம்பில் கடித்துத் தொங்கும். பிறகு விடாது. தோலோடு தோல் ஒட்டி, ரத்தமும் ஒன்றாகிவிடும். கண் மங்கும், குடல் சுருங்கும். அவள் சாப்பிட்டால் இவனுக்குச் சாப்பாடு. (இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலே போவோம்.)

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது.

கும்மிருட்டு. மீனின் தூண்டில் பல்பு மட்டும் எரிந்தது. இதுதான் சமயம், பையிலிருப்பவரை மறுபடி ஒட்டிவிடலாம் என்று தோன்றியது. பிய்த்த இடத்தைத் தேடி, வெளிச்சத்துக்குக் கீழே கையை நீட்டினேன். பின்னாலிருந்து யாரோ மோதினார்கள். கை வாய்க்குள் போய்விட்டது. இழுத்தேன். இழுக்க இழுக்க முள் ஏறியது. உள்பக்கம் சாய்ந்த பல்! நானே ஒடித்துக் கொடுத்த முள்! 'ஐயோ' என்று ஒரு சத்தம் கேட்டது. என்னுடையதாம்.

கரன்ட் வந்தபோது நான் மீனைக் கட்டிப்பிடித்தபடி, அதன் கன்னத்தில் கன்னம் வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆண் மீன் எங்கன்னு கேட்டேன்ல... இந்தா, ஒட்டிக்கிட்டு நிக்கிறாரே."

ஹாலே சிரித்தது. ஜெபமணி சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. அது சிரிப்புக் கண்ணீர்தானா என்பது எனக்குச் சந்தேகம்.

பிறகு அதிகாரி சுற்றிலும் பார்த்தார். அவர், தலைமை ஆசிரியர், வந்திருந்த கூட்டம் — எல்லாரும் மீனின் வாய்க்கு ஒரு முழ தூரத்தில். எரிமலைக்காரரும் எரிமலையை விட்டுவிட்டு எங்களோடுதான் நின்றார்.

"லைட்டு போனதும் என் காலு தானா இங்கிட்டு வந்துருச்சுய்யா" என்றார் அதிகாரி, கொஞ்சம் யோசனையோடு. நோட்டில் ஏதோ எழுதினார். ஜெபமணி எட்டிப் பார்த்துவிட்டு என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

மீன் மெட்ராஸ் போகிறது! இரண்டு பல்லை உடைத்து என்னை வெளியே எடுத்தார்கள்.

இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் நாமும் போய்விடுகிறோம். விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பது யார் என்று எவன் கேட்கிறான்?

இந்த வரியோடு முடித்திருப்பேன். ரத்தக் கறைச் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். என்ன இது என்கிறாள். எனக்குப் பகீரென்றது. மீன் நேற்றே லாரி ஏறிவிட்டது. உண்மையைச் சொன்னேன். உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இதா ஆம்பளை? இம்புட்டுத்தானா?"

மெட்ராஸ் வாசகர்களே, கண்காட்சியில் யாராவது ஆண் மீன் எங்கே என்று கேட்டால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: வில்லாபுரத்தில், மனைவியின் கையில், பத்திரமாக இருக்கிறார்.