நோயாளிகள் பெட்டி

தோஹாவுக்கு வெளியே, வெள்ளிக்கிழமை காலை. பையை ஸ்கேன் செய்துதான் தேவாலய வளாகத்துக்குள் விடுகிறார்கள். கோபுரம் இல்லை, சிலுவை இல்லை, மணி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ குடோன். உள்ளே பீடத்துக்குப் பின்னால் ஐரோப்பியப் பேராலயம் ஒன்றை ஃப்ளெக்ஸில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வருடம் அப்படியொரு கோத்திக் பேராலயத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றவன் நான். இங்கே அந்தக் கூர்வளைவுகள் ஏசிக் காற்றில் படபடக்கின்றன.

மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போட இரண்டு பெட்டிகள்: நோயாளிகள், இறந்தவர்கள். என்னிடம் பேனா வாங்கியவர் தூத்துக்குடிக்காரர், சாரம் கட்டும் வேலை. ரூமில் கூட இருந்த ஜெரோம் சைட்டில் விழுந்து செத்து ஒன்பது நாள் ஆகிறதாம். பாடி இன்னும் மார்ச்சுவரியில். சொல்லிக்கொண்டே ஜெரோம் பெயர் எழுதிய சீட்டை நோயாளிகள் பெட்டியில் போடுகிறார்.

"பெட்டி மாறிப்போச்சே" என்கிறேன்.

"மாறலண்ணே. பூசை போன்ல லைவா போவும். ஊர்ல அவன் அம்மா பாத்துட்டிருக்கும். ஆஸ்பத்திரியில கெடக்கான்னுதான் சொல்லிருக்கோம்."

சாமியார் பெயர்களை வாசிக்கிறார். ஜெரோம் விரைவில் குணமடைய. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் சொல்கிறது. நானும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார்.

"அந்த அம்மாதான். டாக்டர் பேசுறேன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே."