மூணு மாடி ஸ்டாண்டு கோதண்டம்

பழைய வண்ணாரப்பேட்டையில், ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் அந்தக் கட்டடம் நின்றது. பலகையில் அதற்குப் 'பல அடுக்கு வாகன நிறுத்தம்' என்று கம்பீரமான பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறினால் ராயபுரத்தை நாலு சுற்று சுற்றவேண்டியதுதான். மூணு மாடி ஸ்டாண்டு என்றால்தான் யாருக்கும் தெரியும். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று கான்கிரீட்டைத் தின்று, உள்ளே இருந்த கம்பியையும் தின்றுவிட்டது. மழைக்காலத்தில் கூரையிலிருந்து சிமெண்டு பெயர்ந்து விழும். வண்டி விட வருகிறவர்கள் தலையைத் தூக்கி மேலே பார்த்தபடியே நடப்பார்கள்.

கோதண்டத்துக்கு அங்கே டோக்கன் கொடுத்து வண்டிகளை அடுக்கும் வேலை. அடுக்குவது என்றால் சும்மா இல்லை. ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் முன்னால் ஜவுளி வாங்க ஊரே திரண்டு வரும்போது, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கையை நுழைக்க முடியாது. யாரும் ஹேண்டில் லாக் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். மீறிப் போட்டுவிட்டுப் போனவர் துணிப்பையோடு திரும்பி வரும்போது, அவரோடு வந்த மாமியார் வரைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இது ஊரறிந்த வேலை. ஊரறிந்தும் யாரும் வெளியே சொல்லாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. ஸ்டாண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருந்தார்கள். நைட்டி, உள்பாவாடை, பிளாஸ்டிக் டப்பா, வெட்டிய அன்னாசி என்று எல்லாம் கிடைக்கும். உரிமம் மட்டும் ஒருவரிடமும் கிடையாது. கார்ப்பரேஷன் லாரி எப்போது வந்து சரக்கை அள்ளுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது மாடியின் கைப்பிடிச் சுவரோரம் நின்றால், லாரி மெயின் ரோட்டிலிருந்து திரும்புவது தெரியும். கோதண்டம் உடனே விசிலை வாயில் வைப்பார். காருக்கு ஊதுவது ஒரு மாதிரி, லாரிக்கு ஊதுவது வேறு மாதிரி. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. தார்ப்பாயின் மூலைகளில் கயிறு கோத்திருக்கும். ஒரே இழுப்பில் கடை மூட்டையாகி, ஸ்டாண்டின் கீழ்த்தளத்தில் வண்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். லாரி வந்து சேரும்போது தெரு, கோலம் போடாத குறையாகத் துப்புரவாக இருக்கும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

இதற்காக அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரம்ஜானுக்கு முந்தின நாள், நைட்டி விற்கும் பதுருன்னிசா தன் மூட்டையை அள்ளிப்போன லாரிக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடியதை மாடியிலிருந்து பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து விசில் ஊத ஆரம்பித்தார். கதை அவ்வளவுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் ஸ்டாண்டை இடிக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அந்தக் கட்டடம் தானாகவே விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சேதி நிஜம். காரை லிஃப்டே தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைக்கும் புதுக் கட்டடம் வரப்போகிறது. சுற்றுத் தெருக்களுக்குக் கல் பாவி, விளக்கு போட்டு, நடைபாதை அமைப்பார்கள். அதைவிடப் பெரிய சேதி, தெருவில் கடை போடுகிறவர்களுக்குக் கட்டடத்தின் கீழேயே வரிசையாக இடம் உண்டு, அடையாள அட்டையும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. கணக்கெடுக்க வரும்போது அவரவர் கடையில் அவரவர் இருக்கவேண்டும்.

கோதண்டத்துக்கும் ஒரு நல்ல சேதி இருந்தது. ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவரின் சூப்பர்வைசர் வேதமாணிக்கம், புதுக் கட்டடத்திலும் அவருக்கு வேலை உண்டு என்றார். சட்டை பேன்ட், உட்கார நாற்காலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டாம். கோதண்டத்தின் மனைவி கன்னியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இ.எஸ்.ஐ. என்ற மூன்று எழுத்தைக் கேட்டதும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள். சர்க்கரை கம்மியாகத்தான்.

கணக்கெடுப்பு அந்த வாரத்தில் என்று சொன்னார்கள், நாளைச் சொல்லவில்லை. பதுருன்னிசா தினமும் ஆதார் அட்டையை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்னாசிக்காரர் தினமும் சவரம் செய்துகொண்டார். யாரோ கையில் ஃபைலோடு நடந்து வருவார்கள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். கோதண்டமும் மேலிருந்து ஃபைலைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

வந்தது லாரி. கணக்கெடுக்கும் அதிகாரி ஷிஜியின் ஜீப் வழியில் நின்றுவிட, காத்திருக்க மனமில்லாமல் அவர் தன் ஆட்களோடு அந்தப் பக்கம் போன கார்ப்பரேஷன் லாரியில் ஏறி வந்துவிட்டார். கோதண்டத்தின் கண்ணுக்கு லாரிதான் தெரிந்தது. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. அன்றைக்கு அவர்கள் ஓடிய வேகம் என்றைக்கும் ஓடாத வேகம். ஷிஜி இறங்கும்போது தெருவில் ஒரு பூனைகூட இல்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஷிஜி வண்டிகள் ஏறும் சாய்வுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்து, இங்கே தெருக் கடைகள் இருப்பதாகச் சொன்னார்களே என்று விசாரித்தார். கோதண்டம் வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். "கடையா? இங்க அப்டிலாம் யாரும் கெடையாது மேடம். எப்பவுமே தெரு இப்டித்தான் காலியா கீது." ஷிஜி பெருமூச்சு விட்டுத் திரும்பியபோதுதான், கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு' என்று இருந்ததைக் கோதண்டம் பார்த்தார். கூப்பிட நாக்கு எழவில்லை. லாரி போய்விட்டது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டால்கூட ஒருவருக்குத்தான் கேடு. இவர் ஊருக்கே வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் தெருவே தன்மேல் பாயும் என்று காத்திருந்தார். யாரும் பாயவில்லை. பதுருன்னிசா அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நைட்டிகளை மடிக்கப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பார்.

கடைக்காரப் பெண்கள் கார்ப்பரேஷன் மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். ஷிஜி கடைசியில் இறங்கி வந்தார். சனிக்கிழமை காலை இன்னொரு முறை வருகிறேன், ஆனால் எதிர்த்தரப்பு வேறு மாதிரி சொல்கிறது என்றார். குத்தகைக்காரர் பக்கத்திலிருந்து, அங்கே எந்தக் காலத்திலும் கடைகள் இருந்ததில்லை, இடத்துக்காக இப்போது ஆளைத் திரட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடை இல்லையென்றால் அந்த இடம் முழுக்க அவர்கள் பார்க்கிங்குக்குத்தானே. அன்றைக்கு ஏன் ஒருவரும் இல்லை என்பதைக் கடைக்காரர் அல்லாத யாராவது சொன்னால்தான் தன்னால் எழுத முடியும் என்று ஷிஜி கைவிரித்தார்.

வேதமாணிக்கம் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முதலாளி சொன்னதைச் சொல்கிறவர். நீ புதுசாகப் பொய் எதுவும் சொல்லவேண்டாம், அன்றைக்கு அந்த அம்மாவிடம் சொன்னதையே திருப்பிச் சொல் போதும், திங்கட்கிழமை புது வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கொள் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோதண்டம் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். இ.எஸ்.ஐ. போய்விடுமே என்று அவளுக்காக அவரே அழாத குறை. கன்னியம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"மேல நின்னுகினு விசில் அடிக்கத் தெரியுது. கீழ நின்னுகினு வாயத் தொறக்கத் தெரியாதா?" என்றாள். "என் மாத்திரைய நான் பாத்துக்கறேன். கெவுர்மெண்டு ஆஸ்பத்திரி இன்னா ஓடியா பூடும்?"

சொல்லிவிட்டாள். ஆனாலும் சனிக்கிழமை காலை அவருடைய கால் பழக்கதோஷத்தில் மூன்றாவது மாடிக்குத்தான் போனது. அங்கே நின்றால் வேதமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்கவேண்டாம், பதுருன்னிசாவின் முகத்தையும் பார்க்கவேண்டாம். கீழே கடைகள் எல்லாம் விரித்துவிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட நிம்மதியாக உட்காரவில்லை. ஆளாளுக்குக் கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் பதுருன்னிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"நீ இங்க நின்னுகினு கீறியே, அத்தப் பாத்தாலே எங்களுக்குக் காலு தானா ஓடுது கோதண்டம்," என்றாள். "அவங்க வர்றப்ப நாங்க நிக்கணும். எங்களுக்கு ஓடத்தான் தெரியும், நிக்கத் தெரியாது. நீ கீழ வந்து எங்க கூட நில்லு."

இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவனை அவள் தண்டிக்க வரவில்லை, துணைக்குக் கூப்பிட வந்திருக்கிறாள். "வரேங்க்கா," என்று சொல்லி அவளுக்கு முன்னாலேயே இறங்கினார்.

ஜீப் வந்தது. தெருவில் ஒரு சலசலப்பு. அன்னாசிக்காரர் பாதிக் கயிற்றை இழுத்தேவிட்டார். பதுருன்னிசா நைட்டிக் குவியலுக்குப் பின்னால் நின்று கோதண்டத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஷிஜி ஒவ்வொரு கடையாகப் பேர் எழுதிக்கொண்டு வந்தார். இவர்களிடம் வந்ததும் கோதண்டத்தை அடையாளம் கண்டு புருவத்தைச் சுருக்கினார். "நீங்க என்ன விக்கறீங்க?"

ஸ்டாண்டு வாசலில் வேதமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். கோதண்டம் அவரைப் பார்த்தார், பிறகு ஷிஜியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் விக்கல மேடம். நீங்க லாரில வந்தீங்க. அள்ளத்தான் வர்றீங்கன்னு நெனச்சிகினு நாந்தான் மேலேர்ந்து விசில் அடிச்சேன். இவங்க ஓடிட்டாங்க. அப்பறம் யாருமே இல்லன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய்யி. வருஷக்கணக்கா இதே வேலதான் பண்ணிகினு கீறேன்."

ஷிஜி எழுதவேண்டியதை எழுதினார். வேதமாணிக்கம் உள்ளே போய்விட்டார். திட்டுவாரோ என்று நினைத்த கோதண்டத்துக்கு, அவர் முதுகைக் காட்டிப் போனதுதான் வலித்தது. அடையாள அட்டைக்குப் படமெடுக்க ஷிஜியோடு வந்த ஆள் கேமராவை வைத்துக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார். கோதண்டம் தள்ளி நின்றார். பதுருன்னிசா மட்டும் பிடியை விடவில்லை.

அந்த வேலை அன்றோடு போனது. வருத்தமா என்றால் வருத்தம்தான்; அதை மறைப்பதற்கில்லை. கன்னியம்மா சொன்னபடியே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள், நிற்கும் நாளெல்லாம் கால் வீங்குகிறது. கோதண்டம் இப்போது திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில் வாட்ச்மேன். ஸ்டாண்டைப் பாதிக்கு மேல் இடித்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டார். போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் பதுருன்னிசா யார்டு வாசலைத் தேடிக்கொண்டு வந்தாள். வரிசையில் எல்லோருக்கும் இடம் எழுதிவிட்டார்கள் என்றாள். இடுப்புப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். பெயர், வியாபாரம், கடை எண். படத்தில் நைட்டிகளுக்குப் பின்னால் அவள் விறைத்துப்போய் நின்றிருந்தாள். ஓரத்தில், ஆளில்லாமல், அவள் பிடியில் ஒரு ஆம்பிளையின் கை மட்டும் விழுந்திருந்தது.

கோதண்டத்தின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, படம் கெட்டுப்போச்சே அக்கா என்றார்.

"அவங்களும் அத்தத்தான் சொன்னாங்கோ. வேற படம் எடுத்து மாத்திக் குடுக்கறோம்னாங்கோ," என்றாள் பதுருன்னிசா. "வேணாம், இதுலதான் நான் நிக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."