வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கோடுகள்

நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது. இந்த ஒரு விஷயத்தை என் பிள்ளைகளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதினால் ஒருவேளை வரும் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்காரி எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே. ஜீப் போகிற மண்பாதை பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஓடையைத் தாண்டி இரண்டு மைல் ஏறினால்தான் எங்கள் வீடுகள். பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார், போளூர்க்காரர். வாரத்தில் இரண்டு நாள் வருவார், மழை வந்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களுக்குச் சாவியும் ரிஜிஸ்டரும் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என்னிடம் இருக்கும்.

"நீதான் புள்ள இந்த ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர். நான் சும்மா பியூன்" என்பார்.

நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சை நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போவேன். போளூர் ஹாஸ்டலில் இடம் வாங்கி என்னை ஆறாவதில் சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். நம்பினேன். படித்தவர் என்று அவர் ஒருத்தரைத்தான் எனக்குத் தெரியும்.

ரிஜிஸ்டரில் வந்த பிள்ளைக்கு ஒரு கோடு, வராத பிள்ளைக்கு ஒரு சுழி. சுழியே விழக் கூடாது என்பது வாத்தியார் உத்தரவு. "சுழி ஜாஸ்தியானா ஸ்கூலையே மூடிடுவாங்க, பாத்துக்கோ." பிள்ளைகளுக்கு வேறு பயம். சுழி விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். சாமை முற்றுகிற மாதத்தில் பாதிப் பிள்ளைகள் கொல்லைக்காட்டில் குருவி ஓட்டிக்கொண்டிருக்கும். காலையில் நான் இறங்கிப் போகும்போது பரண்மேல் இருந்தபடியே கத்துவார்கள்.

"யக்கா, எனக்கும் ஒரு கோடு இழுத்துடு."

"நேத்துகூட உனக்கு இழுத்தேனே, சோம்பேறி" என்பேன். ஆனால் இழுத்துவிடுவேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைக்குச் செய்கிற உதவி என்றுதான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடை கலங்கி வந்தது. அதைத்தான் மொண்டு குடித்தோம். முதலில் ஒரு வீட்டில் வாந்தியும் பேதியும் கண்டது. நாலு நாளில் ஏழு வீட்டுப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். என் தங்கைக்கும் வந்தது. அவள் இரண்டாம் வகுப்பு.

வாத்தியார் அந்த நாலு நாளும் வரவில்லை. நான் தினமும் சாவியோடு போனேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வரும். வாய்ப்பாடு சொல்லவைத்துவிட்டு, எல்லாப் பெயருக்கும் கோடு போட்டேன். படுத்துக் கிடக்கிறவள் பெயரை அடித்துவிடக் கூடாதே என்று, தங்கை பெயருக்கு நேரே கொஞ்சம் அழுத்தியே இழுத்தேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலை அப்பா ஜமுனாமரத்தூருக்கு நடந்துபோய் ஆஸ்பத்திரியில் சொன்னார். டாக்டர் அவரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் ஜீப்பில் வந்துவிட்டார். அன்று பார்த்து வாத்தியாரும் வந்திருந்தார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள், இனிமேல் தங்கைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

டாக்டருக்கு அவசரம். இன்னொரு ஊரிலிருந்தும் ஆள் வந்து கூப்பிட்டிருந்தது. எங்கே முதலில் போவது என்று முடிவு செய்ய ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"இன்னாய்யா இது? ஊரே படுத்துக் கெடக்குதுன்ற. நேத்து வரைக்கும் ஒரு புள்ளகூட லீவு போடலியே."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "வூட்ல சுருண்டு கெடக்குதுங்க சாமி. என் சின்னப் பொண்ணு தண்ணி குடுத்தாக்கூட கக்குது."

டாக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். பசங்க வந்தாங்களா, இல்லியா?"

நான் கதவோரம் நின்று வாத்தியாருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான் இந்த வாரம் இன்னிக்குத்தான் வர்றேன் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வந்தாங்க சார்" என்றார். "ரிஜிஸ்டர்லயே இருக்குதே."

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "வரலீங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப இந்தக் கோடெல்லாம் யாரு போட்டது?"

"நான்தாங்க."

"நீ போட்டதை நீயே இல்லைன்றியா?"

"வாத்தியார்தான்..." என்று ஆரம்பித்தேன்.

வாத்தியார் சிரித்தார். "பயந்த புள்ள சார். வூட்ல சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க." என் தலையில் செல்லமாக ஒரு தட்டு வேறு தட்டினார்.

டாக்டர் அப்பா கையில் கொஞ்சம் மாத்திரை கொடுத்தார். "அங்க போய்ட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அப்பா காத்திருக்கவில்லை. ஊருக்கு ஏறி, கம்பளியை மூங்கிலில் கட்டி, தங்கையை அதில் கிடத்தி, சித்தப்பாவும் அவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடை தாண்டும்போது அப்பா திரும்பாமலே கேட்டார்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம்ப்பா."

அவர் நடையை எட்டிப் போட்டார். பாதி வழியில் தங்கைக்குக் கண் சொருகிவிட்டது. கம்பளியை இறக்கிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே திரும்பினோம்.

டாக்டர் சொன்னபடி மறுநாள் மலையேறி வந்தார். மற்ற பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் இருந்த காகிதத்தை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம்மா. உங்க ஊரு பக்கம் வாந்திபேதின்னு பஸ்லயே பேசிக்கினாங்க. அதுக்குப் பயந்துதான் டாக்டர் வந்த அன்னிக்கு வரைக்கும் நானே மலைக்கு வரல" என்றார்.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைக்கவில்லை. அம்மா செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஓடைக்கரையில் கேட்டதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.